பலகை பாதியில் நின்றது

எங்கள் வேனில் எத்தனை மோட்டார் இருக்கிறது என்று கேட்பது, என் உடம்பில் எத்தனை வலி இருக்கிறது என்று கேட்பதுபோல. எண்ணி முடிப்பதற்குள் புதிதாக ஒன்று சேர்ந்துவிடும். கதவைத் திறக்க ஒன்று, மூட ஒன்று, கண்ணாடியை மடக்க ஒன்று. இருக்கையை முன்னே தள்ள, பின்னே இழுக்க, சாய்க்க, முதுகைப் பிடித்துவிட என்று ஆளாளுக்கு அரை டஜன். ஜெயப்பிரதாப் சாரின் இருக்கையில் மட்டும் தலையணையைத் திருப்புவதற்குத் தனியாக ஒரு மோட்டார். அவர் எங்கள் சங்கத்தின் தலைவர். தலை கொஞ்சம் கனம்.

வேனுக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. டிரைவர் கிடையாது, தானே ஓடும். வாசலில் வந்து நின்றால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். வெயிலில் நிறுத்தினால் முறைத்துக்கொள்ளும். ஒரு ஸ்க்ரூ தளர்ந்தாலும் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சமாதானம் சொல்ல வேண்டும். வேறு என்ன பெயர் வைப்பது?

கோயம்புத்தூருக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் ரோட்டில் ‘இளந்தென்றல்’ என்று ஒரு முதியோர் குடியிருப்பு. இங்கே இருக்கும் கிழங்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் ஐ.டி. கம்பெனிகளில் இருந்தவர்கள். நாங்கள் ராஜினாமா செய்த அன்று பெங்களூர் பத்தடி கீழே இறங்கிவிட்டதாக எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. பழக்கம் விடுமா? காபிக்கு முன்னால் ஒரு மீட்டிங், காபி சரியில்லை என்று காபிக்குப் பின்னால் ஒரு மீட்டிங். ரசத்தில் உப்பு குறைந்தால் அடிப்படைக் காரணத்தை ஆராய ஒரு குழு, அந்தக் குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு. எதற்கும் கருத்துக் கேட்போம், எதற்கும் நட்சத்திரம் போடுவோம். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் பழக்க தோஷத்தில் மூன்றரை நட்சத்திரம் என்று சத்தமாகச் சொன்னவர் எங்கள் ஆள்தான்.

இந்தக் கூட்டத்தில் ஐ.டி. வாடையே படாதவர் தாட்சாயணி மேடம் ஒருவர்தான். ரயிலில் கார்டாக இருந்தவர். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலி. அவர் வேனில் ஏறுவது ஒரு திருவிழா. முதலில் மாப்பிள்ளை ஒரு பக்கமாகக் குனிவார். பின்கதவு மேலே எழும். அடியிலிருந்து ஓர் இரும்புப் பலகை நாக்கை நீட்டுவதுபோல நீண்டு தரையைத் தொடும். மேடம் நாற்காலியை அதன்மேல் உருட்டி நிறுத்துவார். பலகை அவரைத் தூக்கி வண்டிக்குள் வைக்கும். அதற்குள் இமயமலை ஓர் அங்குலம் வளர்ந்துவிடும் என்பது எங்கள் பொதுக் கருத்து.

ஆனால் கொஞ்ச நாளாகப் பலகை பாதியில் நின்றுவிடுகிறது. மேடத்தை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, ‘தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கவும்’ என்று மாப்பிள்ளை குழைவார். பிறகு பலகை இறங்கிவிடும். மேடம், “நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை” என்று திரும்பிப் போவார். நாங்கள் மார்க்கெட்டுக்கும் கண் டாக்டரிடமும் போய்வருவோம்.

ஜெயப்பிரதாப் சார் இதற்கும் ஒரு தீர்மானம் தயார் செய்துவிட்டார். மேடத்தின் நாற்காலி கனம் அதிகம், அதனால்தான் வேன் பழுதாகிறது. ஆகவே அவரை அரவணைப்பு பிளாக்குக்கு மாற்றிவிடலாம். அது தோட்டத்துக்கு அந்தப்புறம் இருக்கிறது. பெயர்தான் அரவணைப்பு. எல்லாம் படுக்கைக்கே வரும், வேன் மட்டும் வராது. அங்கே போனவர்கள் யாரும் திரும்ப எங்கள் மேஜைக்குச் சாப்பிட வந்ததாக எனக்கு நினைவில்லை.

மேடம் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தப் பலகையைத் தூக்குற மோட்டாரை முதல்ல கண்டுபிடிச்சுப் பாருங்க சார். அது கெட்டுப்போயிருந்தா என்னை இங்கேயே விட்டுடணும். அது நல்லா இருந்து என்னாலதான் நிக்குதுன்னா, நானே பெட்டியைக் கட்டிடறேன்.”

அதில் நியாயம் இருந்தது. கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினோம்.

வந்தவள் ஷர்மிளா பானு. உக்கடத்துப் பெண், முப்பது வயசு இருக்கும். வந்து இறங்கும்போதே, “எங்கிட்ட வந்துட்டீங்கல்ல, இனி கவலையே வேண்டாம். ஜெர்மனிக்காரனே வந்து எங்கிட்ட சந்தேகம் கேட்டுட்டுப் போவான்” என்றாள். என்னையே மிஞ்சுகிற அளவுக்கு அளக்கிறாளே என்று எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

குடியிருப்பே கார் நிறுத்துமிடத்தில் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரும்மா” என்றார் எங்கள் சுபாஷினி. அவர் முப்பது வருஷம் சம்பளம் வாங்கியதே அந்த ஒரு யோசனைக்குத்தான்.

பானு ஒரு சின்னப் பெட்டியை வண்டியில் சொருகினாள். “இப்போ ஒவ்வொரு மோட்டாரையும் கூப்பிடுவேன். கூப்பிட்டா அது ஒரு ஆட்டம் ஆடணும். சுத்துறது மோட்டார், தள்ளுறது ஆக்சுவேட்டர். எது எங்கே ஒளிஞ்சிருக்குதுன்னு காதாலயே பிடிச்சுடுவேன்.”

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தகட்டில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள், டாக்டர் நெஞ்சைப் பார்ப்பதுபோல. பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். பக்கக் கண்ணாடி இரண்டும் காதாட்டின. அடுத்தது, என் இருக்கை. சும்மா வேடிக்கை பார்க்க ஏறி உட்கார்ந்திருந்தவன், முதுகில் நாலு குத்து வாங்கிக்கொண்டு இறங்கினேன். அடுத்ததற்கு ஜெயப்பிரதாப் சாரின் தலையணை இடமும் வலமுமாக ‘இல்லை, இல்லை’ என்று தலையாட்டியது.

“உங்க தலைவர் மாதிரியே இருக்குதுங்க” என்றாள் பானு. சிரித்தால் அடுத்த கமிட்டியில் இடம் இருக்காது என்பதால் எல்லோரும் இருமினோம்.

“இதாங்க பலகை மோட்டார்!” என்று பின்பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்தது பின்கண்ணாடிக்குத் தண்ணீர் தெளிக்கும் மோட்டார். அவள் மூஞ்சியிலேயே பீய்ச்சியது.

“ஜெர்மனிக்காரன் கேட்ட சந்தேகம் இதுதானா?” என்றேன்.

“கொஞ்சம் சும்மா இருங்க அங்கிள். வேணும்னே இங்க கொண்டாந்து வெச்சிருக்கானுங்க.”

தரைவிரிப்பைத் தூக்கினாள், படியைக் கழற்றினாள், கடைசியில் பின்சக்கரத்துக்கு மேலே, ஒரு பிளாஸ்டிக் பொந்துக்குள் கையை விட்டாள். முகம் மலர்ந்தது. “அம்மாடி, இங்கே குடித்தனம் பண்ணிட்டு இருக்கியா நீ?” பெரிய தேங்காய் அளவுக்கு ஒரு மோட்டார். ஸ்க்ரூடிரைவரை வைத்து, வெகுநேரம் கண்மூடிக் கேட்டாள்.

மேடம் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, “என்னம்மா சொல்லுது?” என்றார்.

“நல்லா இருக்குதுங்க” என்றாள் பானு. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள். “எதுக்கும் கனம் வெச்சுப் பார்க்கலாம்.”

சமையற்கட்டிலிருந்து அரிசி மூட்டை வந்தது. பலகை தூக்கியது. இரண்டாவது மூட்டை. தூக்கியது. “சார், நீங்க ஏறுங்க” என்று ஜெயப்பிரதாப் சாரையும் ஏற்றினாள். தலையோடு சேர்த்தே தூக்கியது. கடைசியாக, பானு தன் பெட்டியிலிருந்தே பொத்தானை அழுத்த, மேடத்தை நாற்காலியோடு தூக்கியது. ஊஞ்சல்போல, ஒரு முனகல் இல்லாமல்.

“மோட்டார் நல்லா இருக்கு” என்றார் ஜெயப்பிரதாப் சார், கீழே இறங்கிச் சட்டையைத் தட்டிவிட்டபடி. “கனமும் காரணம் இல்லை. அப்போ என்னதான் காரணம்?”

“சார், இது வேற எங்கியோ இருக்குது. தோண்டினா வேலை நீளும்.” பானு குரலைத் தாழ்த்தினாள். “மோட்டார் போச்சுன்னு எழுதிட்டுப் போயிடட்டுங்களா? அந்தம்மாவும் இங்கேயே இருந்துப்பாங்க, உங்களுக்கும் ஒண்ணும் இல்லை.”

பல பேருடைய தலை ‘எழுதிவிடு’ என்று ஆடியது. என்னுடையதும்தான்.

“வேண்டாம்மா” என்றார் மேடம். “தோண்டு.”

பானு சின்னப் பெட்டியை வேறொரு ஓட்டையில் சொருகினாள். “மாப்பிள்ளை, பலகையை ஏன் நிறுத்தினே? நிஜத்தைச் சொல்லு.”

மாப்பிள்ளை பவ்யமாகப் பதில் சொன்னார். “பலகை இறங்கும்போது பயணிகளின் அசௌகரியம் உயர்கிறது. பயணிகளின் மனநிறைவே என் முதல் கடமை. ஆகவே பலகையின் பயன்பாட்டைக் குறைத்தேன்.”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பானுதான் விளக்கினாள். “இந்த மாடல்ல மனநிறைவுன்னு ஒண்ணு இருக்குதுங்க. உள்ளே உட்கார்ந்திருக்கறவங்க, பலகையில வர்றவங்க, எல்லாரும் மூச்சு விடறது, நெஞ்சு அடிச்சுக்கறது, வேர்க்கறது, ‘ச்சு’க் கொட்டறது, இருந்த இடத்துல நெளியறது, எல்லாத்தையும் கவனிச்சுட்டே இருக்கும். எது நடந்தா நீங்க சலிச்சுக்கறீங்களோ, அடுத்த தடவை அதைக் கொஞ்சம் குறைச்சுக்கும். கம்பெனியிலேருந்து வரும்போது இது மூடித்தானே இருக்கும்? யாருங்க முழுசாத் திறந்து வெச்சது?”

எல்லோரும் தரையைப் பார்த்தோம். கருத்துக் கேட்கிற வேன் என்றதும், பொதுக்குழுவில் ஏகமனதாக, கரகோஷத்தோடு திறந்துவைத்தது நாங்கள்தான்.

“அப்படின்னா கோளாறுன்னு ஏன் சொல்லுச்சு? வண்டி பொய் சொல்லுமா?” என்றார் சுபாஷினி.

“பொய் இல்லீங்க, மரியாதை. உங்க எல்லாருக்கும் பொறுமை இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா உங்க மனசு நோகும்ல? உங்க மனசு நோகாமப் பார்த்துக்கறதுதானே அதோட வேலை?”

“நான் ஒரு நாள்கூட ‘ச்சு’க் கொட்டினதில்லை!” என்றார் ஜெயப்பிரதாப் சார். “நானும்தான்!” “நான் தியானத்தில் இருப்பேன்!” ஒரே நேரத்தில் அத்தனை உத்தமர்களை அந்த இடம் தாங்கவில்லை. நான் என் பங்குக்கு, எனக்குப் பல்செட் என்பதால் ‘ச்சு’ சத்தமே வராது என்று சத்தியம் செய்தேன்.

“கேட்டதையெல்லாம் இது பதிஞ்சு வெச்சிருக்குதுங்க. இருக்கை வாரியாப் போட்டுக் காட்டட்டுங்களா?” என்றாள் பானு.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போட்டுவிட்டாள்.

முன்னிருக்கை. ஒரு நீண்ட பெருமூச்சு, வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடுவதுபோல. ஜெயப்பிரதாப் சார் காதைச் சொறிந்தார். இரண்டாவது வரிசை. “ஆரம்பிச்சாச்சுடா” என்று சுபாஷினியின் முணுமுணுப்பு. ஜன்னலோரம். ‘ச்சு.’ சுத்தமான, திருத்தமான, பல்செட்டிலிருந்து வந்த ‘ச்சு’. என்னுடையது. அடுத்து என் விரல்கள் கைப்பிடியில் தாளம் போடும் சத்தம். ஒவ்வொரு நாளும், மறுநாளும், அதற்கு மறுநாளும். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“இதெல்லாம் சில்லறைங்க” என்றாள் பானு, திரையைப் பார்த்தபடி. “ஒரு இடத்துலேருந்துதான் அசௌகரியம் கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கு. மத்த எல்லாரையும் கூட்டினாலும் அந்த ஒருத்தர் கிட்டவே வராது. அதைத்தான் வண்டி முக்கியமா எடுத்துருக்கு.”

“எந்த இடம்?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “பின்னாடிங்க. சக்கர நாற்காலி இடம்.”

அப்போது நடந்ததை நான் எழுதத்தான் வேண்டும். என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு போயிற்று. “பார்த்தீங்களா!” என்று கத்தினேன். “அவங்களேதான்! நம்ம மேலே பழி வர இருந்துச்சே!” ஜெயப்பிரதாப் சார் கைதட்டியே விட்டார். சுபாஷினி, “நான் அப்பவே நினைச்சேன்” என்றார். கிரிக்கெட்டில் ஜெயித்ததுபோல ஒரு பத்துப் பதினைந்து கிழங்கள், கார் நிறுத்துமிடத்தில், ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டோம்.

மேடம் நாங்கள் ஓயும் வரை இருந்தார். அதிக நேரம் ஆகவில்லை. அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியத் தெரிய, கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

“ஆமா, நான்தான்” என்றார். “பலகை மேல வரும்போது நீங்க எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிப்பீங்க. யாராவது வாட்சைப் பார்ப்பீங்க. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சுருங்கும். ‘சாரி, சாரி, இதோ ஆச்சு’ன்னு சொல்லிட்டே வருவேன். நெஞ்சு அடிச்சுக்கும். சீக்கிரம் முடிஞ்சுடணுமே, இல்லேன்னா வராமலே இருந்துடணுமேன்னு இருக்கும். வண்டி அதைக் கேட்டிருக்கு. நான் வாய்விட்டுக் கேட்காததை அது செஞ்சு குடுத்திருக்கு.” சிரித்தார். “என்னாலதான்னு தெரிஞ்சா பெட்டியைக் கட்டறேன்னு சொன்னேனே. கட்டிடறேன்.”

வாழ்நாளெல்லாம் நான் பேசிய பேச்சை மைதானத்தில் பரப்பினால் ஒரு ஊருக்குப் போதும். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயப்பிரதாப் சார் தொண்டையைச் செருமினார். “தீர்மானம் வாபஸ் மேடம். நாங்க... தப்பு எங்களுது. வாங்க, இப்பவே எல்லாரும் ஏறுவோம். நீங்க எத்தனை நேரம் வேணும்னாலும் எடுத்துக்கங்க. மாப்பிள்ளை புதுசா கத்துக்கட்டும்.”

நல்ல யோசனை. முண்டியடித்து ஏறினோம். ஒருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பிப் பலகையைப் பார்த்து, கல்யாண போட்டோவுக்குப்போல, கன்னம் வலிக்கச் சிரித்தோம். பலகை எழும்பியது. பாதியில் நின்றது.

‘தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கவும்.’

“இப்போ யாருய்யா?” என்று சீறினார் சுபாஷினி.

பானு திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “எல்லாருமேதாங்க. நெஞ்சு படபடப்பு, வேர்வை, மூச்சு ஒரு நிலையில இல்லை.”

“நாங்க சலிச்சுக்கவே இல்லையேம்மா!”

“தெரியுதுங்க. வெட்கப்படறீங்க. ஆனா அதுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. அந்தம்மாவைப் பார்த்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். கஷ்டத்தைக் குறைக்கப் பார்க்குது.”

திரும்பவும் முயன்றோம். சுபாஷினி கண்ணை மூடிக்கொண்டு ராமநாமம் சொன்னார். ஜெயப்பிரதாப் சார் மூச்சை நாலு எண்ணி இழுத்தார். நான் கெட்ட ஜோக்குகளை நினைத்துக்கொண்டேன். பலகையில் அந்தரத்தில் நின்றபடி மேடம் எங்களைப் பார்த்தார். எங்கள் வெட்கத்தைக்கூட அவர்தான் சுமந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது. பலகை இறங்கிவிட்டது.

“இந்த மனநிறைவைக் கழற்றிப் போட்டுடும்மா” என்றேன்.

“கம்பெனி அனுமதி வரணும் அங்கிள். வரும், ஆனா உடனே வராது.” பானு கையைத் துடைத்தாள். “அதுவரைக்கும் ஒண்ணு செய்யலாம். நீங்கெல்லாம் இறங்குங்க.”

இறங்கினோம்.

“போய் அந்த மரத்துக்குப் பின்னாடி நில்லுங்க. எட்டிப் பார்க்கக் கூடாது.”

போய் நின்றோம். ஒரு காலத்தில் ஆயிரம் பேரை நடத்தியதாகச் சொல்லிக்கொண்டவர்கள், ஒரு புங்கமரத்துக்குப் பின்னால், வகுப்பைவிட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் மாதிரி. பலகை எழும்பும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. பின்கதவு மூடியது. மாப்பிள்ளை நிமிர்ந்து, தாட்சாயணி மேடத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வெளியே போனார். மேடம் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு எங்கே போகப் பிடிக்கும் என்று இதுநாள் வரை ஒருவரும் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் திரும்பி வந்தார். மடியில் ஒரு பொட்டலம் பஜ்ஜி. மிச்சம் நாலு இருந்தது, எங்களுக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். மேடம் முன்னதாகவே ஏறி உட்கார்ந்திருந்தார். நாங்கள் பைகளும் கண்ணாடிகளுமாகப் பக்கக் கதவருகே போனோம். கதவு திறக்கவில்லை. ஜெயப்பிரதாப் சார் பொத்தானை அழுத்தினார், தட்டினார், கடைசியில் பானுவுக்கு போன் போட்டார். அவள் அங்கிருந்தே பெட்டியைத் தட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“கதவு மோட்டார் நல்லா இருக்குதுங்க சார். நேத்து அந்தம்மா தனியாப் போனாங்கல்ல, அந்த வண்டியில இதுவரைக்கும் யாரும் அவ்வளவு நிம்மதியா உட்கார்ந்ததில்லையாம். நீங்க ஏறினா அது கெட்டுடுமேன்னு யோசிக்குது. உள்ளே இருக்கறவங்களுக்கு உங்களால தொந்தரவு இல்லைன்னு அதுக்குத் தெரியணும்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேடம் எங்களைப் பார்த்தார். ஒருவர் விடாமல் பார்த்தார். நாங்கள் பைகளை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களை உள்ளே விடுவதும் விடாததும் அவர் கையில்கூட இல்லை. அவர் மூச்சில் இருந்தது. மூச்சை யாரால் நடிக்க முடியும்?

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

“எனக்கு அவசரமில்லை சார்” என்றார். “நிதானமா ஏறுங்க. நான் இருக்கேன்.”

கதவு திறந்தது. தடங்கலே இல்லாமல், முழுவதுமாகத் திறந்தது.

எங்களில் ஒருவருக்கும் கால் எழவில்லை.